சாதி இருக்கலாம், தாடி மட்டும் கூடாதா?

படைவீரர் தாடி வைக்கலாமா என்று கேட்டால் நம் நாட்டில் பதில் தயாராக இருக்கிறது. “கூடாது. படை என்றால் ஒழுங்கு. ஒழுங்கு என்றால் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.” டீக்கடைப் பேச்சு முதல் உச்ச நீதிமன்றம் வரை இதே பதில்தான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் நாட்டில் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தும் இடம் ஒன்று இருந்தால், அதை முதலில் கைதட்டி வரவேற்க வேண்டியவர்கள் நாங்கள்தான். பள்ளிச் சீருடையைப் போட்ட அன்றுதான் எங்களில் பலர் மற்றப் பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தெரிந்தோம். சீருடையின் அருமை எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அதன் பெயரில் சொல்லப்படும் பொய்யையும் எங்களால் எளிதில் கண்டுபிடிக்க முடிகிறது.

தோழர்களே, இந்தியப் படைகளில் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்களா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தாடிப் பிரச்சினையைப் பார்ப்போம்.

ஒரு வழக்கும் ஒரு தவறான கேள்வியும்

தாடியை எடுக்க மறுத்த ஒரு முஸ்லிம் வீரரை இந்திய விமானப்படை 2008இல் பணியிலிருந்து நீக்கியது. வேலையில் குறை என்று நீக்கவில்லை. தாடி வைத்திருந்தார், எடு என்றபோது எடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 டிசம்பர் 15 அன்று தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர், டி.ஒய். சந்திரசூட், எல். நாகேஸ்வர ராவ் அடங்கிய அமர்வு, விமானப்படை செய்தது சரி என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு எதன் மேல் நிற்கிறது? 1964ஆம் ஆண்டின் விமானப்படை விதிகளில் 425ஆவது விதி. முடி வெட்டுவதையோ முகம் மழிப்பதையோ ஒருவரின் மதம் தடை செய்திருந்தால், அவர் முடியும் தாடியும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. நடைமுறையில் இது சீக்கியர்களுக்கான விதி. முஸ்லிம்களுக்கு 2003இல் ஒரு கொள்கை வந்தது: 2002 ஜனவரி 1க்கு முன் படையில் சேர்ந்து, சேரும்போதே தாடி வைத்திருந்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் வந்தவர்களுக்குக் கிடையாது.

மனுதாரர் சார்பில் வாதாடிய சல்மான் குர்ஷித்திடம் நீதிமன்றம் கேட்டது இதுதான்: முடி வெட்டுவதை, முகம் மழிப்பதை இஸ்லாம் திட்டவட்டமாகத் தடை செய்கிறதா? அவர் நேர்மையாகப் பதில் சொன்னார்: இதில் பல விளக்கங்கள் உண்டு, தாடி வைப்பது விரும்பத்தக்கது என்பது அவற்றில் ஒன்று. அந்த நேர்மை மனுதாரருக்கு உதவவில்லை. மதம் கட்டாயப்படுத்தவில்லை, ஆகவே விதிவிலக்கு இல்லை, படையின் ஒற்றுமைக்கு ஒரே சீரான தோற்றம் அவசியம் என்று முடிந்தது வழக்கு.

ஒரு மனிதரின் தாடையில் முளைக்கும் முடியைப் பற்றிய கேள்விக்கு விடை தேட நீதிபதிகள் மார்க்க நூல்களுக்குள் போக வேண்டியிருக்கிறது. இது நம் அரசியலமைப்பின் வழக்குகளில் பழைய நோய். 1954இல் சென்னை மாகாண அறநிலையத் துறைக்கும் சிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கிலிருந்து, “இது மதத்தின் இன்றியமையாத பகுதியா” என்ற அளவுகோல் தொடங்குகிறது. ‘இன்றியமையாத’ என்பதை முடிவு செய்வது யார்? பழைய நூல்களும் அவற்றுக்கு உரை சொல்பவர்களும். அந்த நூல்களை எழுதியவர்கள் யார், அவற்றைப் படிக்க யாருக்கு அனுமதி இருந்தது, யார் காதில் விழுந்தால் தண்டனை என்பதெல்லாம் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த அளவுகோலில் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். பௌத்தம் தழுவிய அம்பேத்கரியர் ஒருவர் தாடி வைக்க விரும்புகிறார். எந்தச் சூத்திரத்தைக் காட்டுவார்? கடவுள் மறுப்பாளரான பெரியார் தொண்டர் எதைக் காட்டுவார்? வெண்தாடியோடு வாழ்ந்த பெரியாரே அந்த விமானப்படை வாசலில் வந்து நின்றிருந்தால், “உங்கள் மதம் என்ன சொல்கிறது” என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? மதத்தின் வழியாக மட்டுமே கிடைக்கும் உரிமை, மதத்தால் மிதிக்கப்பட்டவருக்கு ஒருபோதும் கிடைக்காது. ஆகவே எங்கள் நிலை இது: தாடி ஒரு மதச் சலுகையாகக் கொடுக்கப்படக் கூடாது. அது ஒரு மனிதரின் உடல் மீது அவருக்குள்ள உரிமையாக, எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

அர்ஜன் சிங்கின் தாடி

விமானப்படையில் தாடி வைத்தால் ஒற்றுமை குலையும் என்கிறார்கள். இந்திய விமானப்படையில் ஐந்து நட்சத்திரத் தகுதி பெற்ற ஒரே அதிகாரி அர்ஜன் சிங். 1965 போரின்போது விமானப்படையின் தளபதி அவர்தான். 2002இல் அவருக்கு ‘மார்ஷல்’ தகுதி வழங்கப்பட்டது. அவருடைய படத்தைப் பாருங்கள். தலைப்பாகையும் தாடியுமாக நிற்கிறார். அந்தத் தாடியால் எந்த விமானமும் தரையிறங்க மறுக்கவில்லை. எந்த அணியின் ஒற்றுமையும் குலையவில்லை.

சீக்கியர்களின் உரிமையைப் பறியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அது போராடிக் காத்த உரிமை, அது இருக்க வேண்டும். எங்கள் கேள்வி வேறு. ஒரு தாடி ஒழுங்கைக் கெடுக்காது என்று நூறு ஆண்டுக்கும் மேலாக நிரூபிக்கப்பட்டுவிட்ட பிறகு, இன்னொரு தாடி மட்டும் எப்படிக் கெடுக்கும்? இரண்டும் முடிதான். வேறுபாடு முடியில் இல்லை. முடிக்குச் சொந்தக்காரரின் பெயரில் இருக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே குடியரசின் கப்பற்படையில் 1971 முதல் அதிகாரிகளும் மாலுமிகளும் தாடி வைத்துக்கொள்ளலாம். அனுமதி கேட்க வேண்டும், மீசையோடு சேர்த்து முழுமையாக வளர்க்க வேண்டும், ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும். மதம் எதுவென்று பார்ப்பதில்லை. இது பிரிட்டிஷ் கப்பற்படையில் 1869 முதல் இருந்து வரும் மரபின் தொடர்ச்சி. கடலில் குலையாத ஒழுங்கு வானத்தில் மட்டும் குலையுமா?

காஷ்மீரின் உலார் ஏரியில் பணியாற்றிய கப்பற்படைக் கமாண்டோக்களுக்கு ‘தாடிக்காரப் படை’ என்றே பட்டப்பெயர் இருந்தது. மக்களோடு மக்களாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தாடி. அரசுக்குத் தேவைப்படும்போது முஸ்லிம் போலத் தெரிவது போர்த் தந்திரம். ஒரு முஸ்லிம் தனக்காகத் தாடி வைத்தால் ஒழுங்கீனம்.

ஒரே தாடி, இரண்டு படைப்பிரிவு

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். படையில் எல்லோரும் ஒரே மாதிரிதானா?

சீக்கிய ரெஜிமென்ட் என்று ஒன்று இருக்கிறது. சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டிலும் ஒரே தலைப்பாகை, ஒரே தாடி, ஒரே குரு. பிறகு ஏன் இரண்டு? முதலாவது பெரும்பாலும் ஜாட் சீக்கியர்களுக்கானது. இரண்டாவது மஜ்ஹபி, ராம்தாசியா சீக்கியர்களுக்கானது, அதாவது தலித் சீக்கியர்களுக்கானது. 1941இல் மஜ்ஹபி, ராம்தாசியா என்ற சாதிப் பெயரிலேயே தொடங்கப்பட்டது. 1944இல் பெயரை மட்டும் மாற்றினார்கள்.

முகத்தில் ஒரு மயிரிழை வேறுபாடும் இல்லாத இரண்டு வீரர்களைச் சாதியால் பிரித்துத் தனித்தனிப் படைப்பிரிவில் வைக்க முடிகிறது. அப்போது ‘ஒரே சீரான தோற்றம்’ ஒற்றுமையைக் கொண்டுவந்ததா? தோற்றம் ஒன்றாக இருந்தும் பிரிவு அப்படியே இருக்கிறதே!

இந்தப் பிரிவினைக்கு வரலாறு உண்டு. 1857க்குப் பிறகு ‘வீர இனங்கள்’ என்ற ஒரு கோட்பாட்டை வெள்ளையர்கள் உருவாக்கினார்கள். சில சாதிகளின் இரத்தத்தில் வீரம் ஓடுகிறதாம், மற்றவர்களின் இரத்தத்தில் ஓடவில்லையாம். மனு எழுதியதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது போல இருந்தது. 1818 ஜனவரி 1 அன்று கோரேகாவில் போரிட்ட மகர்களுக்கே 1890களில் படையின் கதவு சாத்தப்பட்டது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். அண்ணல் பிறந்ததே மோவ் ராணுவக் குடியிருப்பில்தான். படை வேலை பெற்றுத் தந்த கல்வியும் மரியாதையும் ஒரு தலைமுறைக்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். சென்னை மாகாணத்துப் பறையர் வீரர்கள் நிறைந்திருந்த சாப்பர் படைக்கும் நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டது. 1941இல் மகர் ரெஜிமென்ட் வந்தது, 1943இல் சமார் ரெஜிமென்ட் வந்தது. போர் முடிந்ததும், 1946இல், சமார் ரெஜிமென்ட்டைக் கலைத்துவிட்டார்கள். தேவை இருக்கும்வரை வீரர்கள், தேவை தீர்ந்ததும் பழையபடி சேரிக்காரர்கள்.

இதெல்லாம் வெள்ளையர் காலத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் இன்றும் ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் ஆகியோரை மட்டும் சேர்க்கும் நடைமுறை பற்றி நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன. அரசுத் தரப்பின் விளக்கம் என்ன? சடங்குப் பணிகளுக்கு ஒரே மாதிரி உயரமும் உடல்வாகும் தோற்றமும் வேண்டுமாம். கவனியுங்கள் தோழர்களே, இங்கும் அதே சொல்தான்: தோற்றம். முஸ்லிமின் தாடியை எடுக்கச் சொன்ன அதே காரணம், தலித்தை வாசலுக்கு வெளியே நிறுத்தவும் பயன்படுகிறது. குடியரசுத் தலைவர் பதவியில் கே.ஆர். நாராயணன் அமர முடிந்தது. ராம்நாத் கோவிந்த் அமர முடிந்தது. அவருக்குப் பக்கத்தில் குதிரையில் அமரத்தான் தலித்துக்குத் ‘தோற்றம்’ போதவில்லை.

2022இல் அக்னிவீர் விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழ் எதற்கு என்று சர்ச்சை வந்தபோது, அது எப்போதும் கேட்பதுதான் என்று பதில் வந்தது. சாதியைக் கேட்பார்கள். ஆனால் படைகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டால், படையில் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். சாதியைப் பார்த்துச் சேர்க்கலாம், சாதியைப் பார்த்து நியாயம் மட்டும் செய்யக் கூடாது.

இப்படிப்பட்ட ஓர் அமைப்பு, ஒருவரின் தாடையைப் பார்த்து “ஒரே மாதிரி இரு” என்று சொல்லும்போது சிரிப்பதா, அழுவதா?

மீசைக்குப் படி, தாடிக்கு இடைநீக்கம்

தாடி ஒழுங்கீனம் என்பவர்கள் மீசையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

உத்தரப் பிரதேச ஆயுதக் காவல் படையில் பெரிய மீசை வைத்திருப்பவர்களுக்குப் படி கொடுக்கிறார்கள். 50 ரூபாயாக இருந்த அந்த மீசைப் படி 2019இல் 250 ரூபாயாக உயர்ந்தது. அதே மாநிலத்தின் பாக்பத்தில் 2020 அக்டோபரில் ஒரு முஸ்லிம் உதவி ஆய்வாளர், அனுமதியில்லாமல் தாடி வைத்தார் என்று இடைநீக்கம் செய்யப்பட்டார். தாடியை மழித்த பிறகுதான் வேலைக்குத் திரும்ப முடிந்தது. அடுத்த ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றம் இன்னொரு காவலரின் வழக்கில், காவல்துறையில் தாடி வைப்பது அடிப்படை உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது.

2022 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு காவல்துறை ஓட்டுநர், விமானி அபிநந்தன் பாணியில் பெரிய மீசை வைத்திருந்தார். வெட்டு என்றார்கள். மறுத்தார். தான் ராஜபுத்திரன், மீசை தன் பெருமை என்று ஊடகங்களிடம் சொன்னார். இடைநீக்க உத்தரவு சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மீசையும் இருந்தது, வேலையும் இருந்தது.

அவர் வேலை பிழைத்ததில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேலதிகாரி உத்தரவை இருவருமே மீறினார்கள். ஒருவர் சாதிப் பெருமையைக் காரணமாகச் சொன்னார், நாடே புன்னகைத்தது. மற்றவர் மார்க்கத்தைக் காரணமாகச் சொன்னார், மழித்துவிட்டு வா என்றது. சாதியின் முடிக்கு இந்த நாட்டில் எந்தச் சூத்திரமும் காட்ட வேண்டாம். அதன் சான்றிதழ் எல்லோர் மனத்திலும் ஏற்கெனவே இருக்கிறது.

எங்கள் முடியின் கதை வேறு. 2017 செப்டம்பரில் குஜராத்தின் காந்திநகர் மாவட்டம் லிம்போதரா கிராமத்தில், மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. குஜராத் முழுவதும் தலித் இளைஞர்கள் தங்கள் வாட்ஸ்அப் படத்தை மாற்றிப் பதில் கொடுத்தார்கள்: முறுக்கிய மீசை, மேலே ஒரு கிரீடம், கீழே ‘மிஸ்டர் தலித்’. 2020 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் ஒரு தலித் படைவீரரின் திருமண ஊர்வலத்தில், அவர் குதிரையில் ஏறினார் என்பதற்காகக் கல்லெறிந்தார்கள். காவல்துறைப் பாதுகாப்பு இருந்தும் எறிந்தார்கள்.

அவர் முகத்தில் விதியை மீறிய ஒரு முடியும் இல்லை. நாட்டின் எல்லையைக் காக்கும் சீருடைக்குச் சொந்தக்காரர். ஆனாலும் சொந்த ஊரின் எல்லையைத் தாண்ட அது போதவில்லை. தமிழ்நாட்டிலும் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. தன் கடையில் வெட்டினால் ஊர் தன்னை ஒதுக்கும் என்ற பயத்தில் முடிதிருத்தும் தோழரும் அங்கே கைதிதான். ஊரில் எங்கள் தலையைத் தொடக் கூடாது என்று கத்தியைத் தடுக்கிறது சாதி. முகாமில் தொட்டே ஆக வேண்டும் என்று கத்தியை நீட்டுகிறது விதி. இரண்டு இடத்திலும் எங்கள் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை.

மீசையைக் கொண்டாடும்போது ஒன்றை நம் இளைஞர்களுக்கும் சொல்ல வேண்டும். ஆண்மையும் வீரமும் மீசையில் இருக்கிறது என்ற கதை ஆதிக்கச் சாதிகளின் கதை. அந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு கேட்பது விடுதலை ஆகாது. நம் சேரிப் பெண்கள் மீசை இல்லாமலேயே எத்தனை போராட்டங்களை நடத்தியிருக்கிறார்கள்! நாம் கேட்பது மீசையின் பெருமையை அல்ல. அதை வைக்கவும் எடுக்கவும் உள்ள உரிமையை.

வேலூர் சொன்ன பாடம்

தாடியை எடு என்ற உத்தரவால் நம் மண்ணில் ஒரு கோட்டையே பற்றி எரிந்திருக்கிறது. 1805, 1806 ஆண்டுகளில் சென்னைப் படையின் தளபதி ஜான் கிராடாக், சிப்பாய்களின் தோற்றத்தை மாற்ற உத்தரவுகள் பிறப்பித்தார். தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒழுங்குபடுத்த வேண்டும், நெற்றியில் சாதிக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் பட்டை வைத்த புதிய தொப்பியை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டையில் இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சேர்ந்து எழுந்தார்கள். சில மணி நேரத்தில் எழுச்சி நசுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். தோற்ற விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கிராடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

அந்த எழுச்சிக்குத் தொப்பியும் தாடியும் மட்டும் காரணமில்லை. திப்புவின் குடும்பம் அந்தக் கோட்டையில்தான் சிறை வைக்கப்பட்டிருந்தது. சிப்பாய்களுக்குப் பல குறைகளும் இருந்தன. ஆனால் முகத்தில் கை வைத்ததுதான் தீப்பொறி.

இங்கே ஒரு கூர்மையான மாணவர் எழுந்து கேட்பார்: “தாடி உரிமை என்கிறீர்கள். அப்படியானால் கிராடாக் தடுத்த நெற்றிச் சாதிக் குறியும் உரிமைதானே? நாளைக்கு ஒருவர் பூணூல் தெரியச் சட்டையைத் திறந்துவிட்டு அணிவகுப்புக்கு வந்தால் ஆதரிப்பீர்களா?”

நல்ல கேள்வி. ஆதரிக்க மாட்டோம். தாடி எல்லோர் முகத்திலும் முளைப்பது. பிறப்பைக் கேட்டு அது முளைப்பதில்லை. ஒருவர் தாடி வைத்தால் பக்கத்தில் நிற்பவர் ஒரு படி கீழே இறங்குவதில்லை. பூணூலும் சாதிக் குறியும் அப்படியல்ல. “நான் மேலே” என்று ஒருவர் உடம்பில் எழுதிக்கொண்டால், “நீ கீழே” என்று அடுத்தவர் உடம்பில் தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது. படைக்குள் எதைத் தடுப்பது என்று முடிவு செய்ய இதுதான் சரியான அளவுகோல்: அது அடுத்தவரைத் தாழ்த்துகிறதா? வேலைக்குத் தடையாகிறதா? இரண்டும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வாயு முகமூடி

வேலைக்குத் தடை என்றால் என்ன என்பதையும் நேர்மையாகப் பேசுவோம். தாடிக்கு எதிரான வாதங்களில் எங்களை யோசிக்க வைப்பது ஒன்றுதான்: வாயு முகமூடி. நச்சு வாயுத் தாக்குதலில் முகமூடியின் ரப்பர் ஓரம் தோலோடு ஒட்ட வேண்டும். நடுவில் தாடி இருந்தால் காற்று கசியலாம். இது கற்பனை இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனால் இதற்கு வழியில்லையா? 2024 மார்ச்சில் பிரிட்டிஷ் தரைப்படை தன் வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தாடி வைக்க அனுமதி கொடுத்தது. 1916வரை மேலுதட்டை மழிக்கவே கூடாது, மீசை கட்டாயம் என்று விதி வைத்திருந்த அதே படை. அவர்களின் விமானப்படை 2019இலேயே அனுமதித்துவிட்டது. கனடா 2018இல் அனுமதித்தது. இந்த நாடுகளில் யாரும் முகமூடியை மறந்துவிடவில்லை. தேவைப்படும் பணிக்கு, தேவைப்படும் காலத்துக்கு மழிக்கச் சொல்ல அதிகாரம் வைத்திருக்கிறார்கள். காரணம் பணியிலிருந்து வருகிறது. மதத்தின் பெயரிலிருந்து வருவதில்லை. நம் அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க இடம் கொடுக்கிறது, உண்மைதான். அதற்கு அது சொல்லும் நோக்கம் கடமையைச் சரியாகச் செய்வதும் ஒழுங்கைக் காப்பதும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு அப்படி எந்தக் கடமை காரணம் என்று நாம் கேட்க வேண்டும். நச்சு வாயு சீக்கியரின் தாடியையும் முஸ்லிமின் தாடியையும் பிரித்துப் பார்க்காதே!

எதிர்த் திசையில் நடப்பதையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 30 அன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைவர் பீட் ஹெக்செத், தளபதிகளைக் கூட்டி வைத்து இனிமேல் படையில் தாடிக்காரர்கள் வேண்டாம் என்றார். அங்கே தாடிக்கு விலக்கு பெற்றவர்களில் பெரும் பகுதியினர் கறுப்பின வீரர்கள். சுருள் முடியை ஒட்ட மழித்தால் முனை வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி வளரும். கட்டி, சீழ், தழும்பு என்று முகம் புண்ணாகும். கறுப்பின ஆண்களிடம் இது மிக அதிகம். மருத்துவ விலக்கு இருந்ததால்தான் அவர்கள் பணியில் நீடித்தார்கள். இப்போது அந்த விலக்குக்குக் கெடு வைத்துவிட்டார்கள். சிகிச்சை பலிக்காவிட்டால் வேலை போகலாம். உத்தரவில் கறுப்பர் என்ற சொல்லே இல்லை. எல்லோருக்கும் ஒரே விதிதான். ஆனால் இரத்தம் வடிவது யார் முகத்தில்?

1972இல் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்ட இயக்கத்தின் வழி வந்தவர்கள் நாம். எல்லோருக்கும் ஒரே விதி என்பது எப்போதும் சமத்துவம் இல்லை என்று நமக்குப் புரிய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். யாருடைய முகத்தை ‘சாதாரண முகம்’ என்று வைத்துக்கொண்டு அந்த விதி எழுதப்பட்டது? அதுதான் கேள்வி.

இது நம் பிரச்சினையா?

“நமக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது. ஆணவக் கொலை, மலக்குழி மரணம், பஞ்சமி நிலம். இதில் முஸ்லிம் வீரரின் தாடிக்கு நாம் ஏன் பேச வேண்டும்?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. மதச் சின்னத்துக்கு வக்காலத்து வாங்குவது பகுத்தறிவா என்று கேட்பவர்களும் உண்டு.

முதல் கேள்விக்கு ஒரு பழைய ஆணையை நினைவூட்டுகிறோம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தாடி விதியையும் இந்த ஆணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சீக்கியருக்கு இடம் உண்டு, முஸ்லிமுக்கு இல்லை. எந்த மதம் நம்முடையது, எது அந்நியம் என்று அரசு போடும் அதே கணக்கு. அந்தக் கணக்கு நம் சொந்தங்களையே பாதியாக வெட்டியிருக்கிறது. பிறகு எப்படி இது நம் பிரச்சினை இல்லாமல் போகும்?

இரண்டாம் கேள்விக்குப் பதில் எளிது. தாடியின் புனிதத்துக்காக நாங்கள் பேசவில்லை. எடுக்க விரும்பும் முஸ்லிம் வீரரை மார்க்கத்தின் பெயரால் யாராவது மிரட்டினாலும் எதிர்ப்போம். வைக்க விரும்புகிறவரை விதியின் பெயரால் மிரட்டினாலும் எதிர்ப்போம். கத்தி அவரவர் கையில் இருக்கட்டும்.

மதுரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மெக்கா சென்று தாடியோடு திரும்பிய முஸ்லிம் காவலர் ஒருவர் மீது துறை நடவடிக்கை எடுத்து ஊதிய உயர்வை நிறுத்தியது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தண்டனையை ரத்து செய்தது. முஸ்லிம் காவலர்கள் பணியில் தாடி வைக்கலாம் என்று 1957ஆம் ஆண்டின் காவல்துறை அரசிதழிலேயே இருக்கிறது என்று எடுத்துக்காட்டியது. இது நல்ல தீர்ப்பு, வரவேற்கிறோம். ஆனால் அந்த அனுமதி ஏட்டில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தும், ஒரு சாதாரணக் காவலர் அதைப் பெற நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. விதி இருந்தால் மட்டும் போதாது. விதியைப் படிக்கும் அதிகாரியின் மனத்தில் இருக்கும் வெறுப்பையும் சேர்த்துத்தான் நாம் எதிர்கொள்ள வேண்டும்.

நாங்கள் கேட்பது

கப்பற்படையின் விதியைத் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் கொண்டுவாருங்கள். மதத்தைக் கேட்காமல், விரும்பும் எவருக்கும், ஒழுங்காக வைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு தாடியை அனுமதியுங்கள். முகமூடி தேவைப்படும் பணிகளை எழுத்தில் பட்டியலிடுங்கள். அந்தப் பணி உள்ளவரை மட்டும் மழிக்கச் சொல்லுங்கள், எல்லோரையும் சொல்லுங்கள். தோல் நோய் உள்ளவரின் மருத்துவச் சான்றை மதியுங்கள். முகத்து முடியைக் காரணம் காட்டி எவருடைய வேலையையும் ஊதிய உயர்வையும் பறிக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், ஒரே மாதிரி இருப்பதில் உண்மையாகவே அக்கறை இருந்தால், தொடங்க வேண்டிய இடம் தாடை அல்ல. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் சாதி பார்த்துச் சேர்ப்பதை நிறுத்துங்கள். ஒரே தலைப்பாகை கட்டியவர்களைச் சாதியால் பிரித்து வைத்திருக்கும் சுவரை இடியுங்கள். படையில் எங்களுக்குரிய இடஒதுக்கீட்டைக் கொடுங்கள். அதைச் செய்துவிட்டு வந்து ஒற்றுமையைப் பற்றிப் பேசுங்கள், கேட்கிறோம்.

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரி விவாத மேடையில் “படை என்றால் ஒழுங்கு” என்று யாராவது தொடங்கினால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரே தாடி, ஒரே தலைப்பாகை, ஒரே துப்பாக்கி வைத்திருக்கும் சீக்கிய வீரர்களுக்கு ஏன் இரண்டு ரெஜிமென்ட்? பதில் வரும்வரை காத்திருங்கள்.

ஜெய் பீம்!